ஆயர் ஈத்தாம் வீட்டில் பூசணத்தோடு பதின்மூன்று மாதம்

பட்டுச்சேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு உறைத்ததே அன்றைக்குத்தான். 2023 செப்டம்பர் கடைசி. அக்காள் மகளின் பரிசத்துக்குக் கட்டலாம் என்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் கல்யாணப் பட்டை எடுத்தேன். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தது. கையில் எடுத்தபோதே துணி சில்லென்று இருந்தது. விரித்துப் பார்த்தால் அரக்கு உடலில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாக, ஐந்து சென் காசு அளவில். சரிகை பச்சை பாய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் நனைந்த கோணிச்சாக்கின் வாடை. அலமாரியை ஒரு கை அகலம் முன்னே இழுத்துப் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். பலகை முழுக்கக் கறுப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்தில் இருபது வருடத்துக்கும் மேலான அடுக்குமாடி. நாங்கள் ஆறாவது மாடி. பின்பக்கம் மலை, மதியம் நாலு மணிக்கெல்லாம் வெயில் போய்விடும். ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்புத் தண்ணீர். இந்த ஊர்ப் பெயரை அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை, அன்றைக்குத்தான் யோசித்தேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். நானும் நாலாம் ஆண்டு படிக்கிற மகனும்தான் வீட்டில். அதனால் இந்தக் கதையில் வருகிற எல்லா முட்டாள்தனமும் என்னுடையதுதான், பங்கு கேட்க ஆள் இல்லை.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். பிளீச் வாங்கிச் சுவரில் அடித்துத் துடைத்தேன். கறுப்பு மறைந்தது. பத்து நாளில் திரும்ப வந்தது. வீடியோ பார்த்து வினிகரையும் அதோடு கலந்து அடிக்கலாமா என்று யோசித்தேன். நல்ல வேளை, அன்று வீட்டில் வினிகர் தீர்ந்திருந்தது. பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், குளியலறை மாதிரி மூடின இடத்தில் அது நுரையீரலையே பதம் பார்த்துவிடும். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சுவர்ப் பூச்சு, பலகை மாதிரி உறிஞ்சும் பொருள்களில் பிளீச் மேலே வெளுத்துவிட்டுப் போகும். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால் உள்ளே இன்னும் கொஞ்சம் ஈரத்தையும் விட்டுவிட்டுப் போகும். அக்டோபரில் பெயின்டரைக் கூப்பிட்டு, குளியலறைப் பக்கத்து நடைபாதைச் சுவருக்கு மட்டும் பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட் அடித்தேன், 480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). படுக்கையறையில் 2021-இல் ஆசைப்பட்டு ஒட்டின வால்பேப்பர் இருந்தது. வெளிர் நீலத்தில் மூங்கில் இலை போட்ட வினைல், துடைத்தால் புதுசு மாதிரி இருக்கும். அது நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைத் தொடவில்லை. அந்த மூங்கில் இலையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் நடைபாதைப் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர். அதே நேரத்தில் மகனுக்கு இருமல் நிற்கவே இல்லை. இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கும், கிளினிக்குக்கு ஓடுவோம், நெபுலைசர் வைப்பார்கள், வருவோம். ஒரு மாதத்தில் மூன்று தடவை. மூன்றாம் தடவை டாக்டர், “வீட்ல ஓதம், பூசணம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று நினைப்பாரோ என்று பொய் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பூசணம் சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. ஈரமும் அது தின்ன ஏதாவதும் இருந்தால் போதும், காகிதம், மரத்தூள் பலகை, பசை, வெறும் தூசி எதுவானாலும் சரி. நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் முளைக்க ஆரம்பித்துவிடும். டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

பயத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தேன். ‘இலவசப் பூஞ்சைப் பரிசோதனை’ என்று விளம்பரம் பார்த்துக் கூப்பிட்டேன். பெயர் வேண்டாம். இரண்டு பேர் சீருடையில் வந்தார்கள். போனில் மாட்டும் வெப்பக் கேமராவைப் படுக்கையறைச் சுவருக்குக் காட்டினார்கள், ஏர்கானுக்குக் கீழே நீலமாகத் தெரிந்தது. “பாத்தீங்களா, உள்ள முழுக்கத் தண்ணி.” அப்புறம் ஒரு கண்ணாடித் தட்டில் ஏதோ பாகு போலிருந்ததைக் கட்டில்மேல் திறந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, மூடி எடுத்துப் போனார்கள். ஐந்து நாள் கழித்து வாட்ஸ்ஆப்பில் படம் வந்தது, தட்டு முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பஞ்சு பஞ்சாக. மலேசியாவின் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 1,000 பூஞ்சைக் கூட்டங்கள், உங்கள் வீடு அதைத் தாண்டிவிட்டது, பிள்ளை தூங்கும் அறை பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். புகை போட்டுக் கொல்ல 1,650 வெள்ளி, ஒரு வருட உத்தரவாதம். அன்று சாயங்காலமே பணத்தை அனுப்பினேன்.

எனக்கு யாராவது அப்போதே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். வெப்பக் கேமரா பார்ப்பது சூட்டை மட்டும்தான், அதற்குத் தண்ணீர் தெரியாது. ஏர்கான் காற்று படுகிற சுவர் நீலமாகத்தான் தெரியும். நீலம் தெரிந்த இடத்தில் ஈரமானியை வைத்துப் பார்த்த பிறகுதான் அது தண்ணீர் என்று சொல்லலாம். கண்ணாடித் தட்டைத் திறந்து வைத்தால் பினாங்கில் எந்த வீட்டிலும் பூசணம் முளைக்கும், கோயில் மண்டபத்தில் வைத்தாலும் முளைக்கும், ஏனென்றால் காற்றில் வித்துகள் எப்போதும் இருக்கின்றன. உண்மையான சோதனை என்றால் அளவு தெரிந்த காற்றைப் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும், அதே நேரத்தில் வெளியேயும் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். வெறுமனே திறந்து வைத்த தட்டில் எத்தனை கன மீட்டர் காற்று விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் சொன்ன 1,000 என்ற எண் நிஜமாகவே இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத்தர நெறிமுறையில் வருவது. ஆனால் அது அலுவலகம் போன்ற வேலையிடங்களுக்கானது, தட்டை வைத்து அளப்பதும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் ஈரம், பூசணம் பற்றி ஒரு வழிகாட்டியே போட்டிருக்கிறது, அதில் பூசணத்துக்கு இவ்வளவுதான் இருக்கலாம் என்று எண் எதுவும் கொடுக்கவில்லை, ஈரத்தைத் தடுங்கள் என்றுதான் சொல்கிறது.

புகை போட்டது நவம்பர் கடைசியில். டிசம்பரில் பள்ளி விடுமுறை, மூன்று வாரம் லூனாஸில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது சுவர் அப்படியே சுத்தமாக இருந்தது. பரவாயில்லை, பணம் வீண் போகவில்லை என்று அக்காளுக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். ஜனவரி முடிவதற்குள் அலமாரிக்குப் பின்னால் மறுபடி கறுத்தது. உத்தரவாதத்தைக் கேட்டால், கசிவு இருந்தால் செல்லாது, மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறோம் என்றார்கள். எழுதித்தான் இருந்தது, படிக்காதது நான்.

சரி, கசிவு என்றால் மேல்மாடிதான் என்று முடிவு கட்டினேன். மேலே ஒரு சீன ஆன்ட்டி, எழுபது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். ஒரு இரவு பிள்ளைக்கு மறுபடி இழுத்தது. கிளினிக்கிலிருந்து வந்த கையோடு, பதினோரு மணிக்கு மேலே ஏறி அவர் கதவைத் தட்டினேன். மலாயில் என்னென்னவோ கத்தினேன். அவர் இரும்புக் கதவைத் திறக்காமலே, தன் வீட்டில் எதுவும் ஒழுகவில்லை, உன் வீட்டில் நீ என்ன செய்கிறாயோ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு லிப்டில் பார்த்தால் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மார்ச்சில், கூட வேலை செய்யும் மலாய்க்காரத் தோழி ஒருத்தி, வீட்டுக் கட்டடப் பரிசோதனை மட்டும் செய்கிற ஒரு தமிழ்ப் பையனின் எண்ணைக் கொடுத்தாள். 850 வெள்ளி என்றதும் போனை வைத்துவிடலாமா என்று இருந்தது. ஏற்கெனவே இரண்டாயிரத்துக்கு மேல் போயிருந்தது. “தம்பி, பாத்துட்டு வேலையும் நீங்களே செஞ்சு குடுப்பீங்களா?” என்று கேட்டேன். “இல்லக்கா, நான் பெயின்ட் அடிக்கறதில்ல, மருந்தும் விக்கறதில்ல. எங்கேருந்து தண்ணி வருதுன்னு மட்டும் எழுதித் தருவேன். அதை வச்சு நீங்க யாரை வேணும்னாலும் கூப்பிட்டுக்கலாம்” என்றார். அப்போது அது எனக்குக் குறையாகத்தான் பட்டது. இப்போது யார் கேட்டாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன். மருந்து விற்கிறவர் இலவசமாகப் பார்க்க வந்தால், மருந்து தேவையில்லை என்று அவர் வாயிலிருந்து எப்படி வரும்? இன்னொன்றும் சொன்னார்: வரும்வரை எதையும் துடைக்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள், இரவு எப்படி ஏர்கான் போடுவீர்களோ அப்படியே போடுங்கள்.

வந்தவர் முதல் முக்கால் மணி நேரம் பையையே திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். எந்த மாதம் முதலில் பார்த்தீர்கள்? மழை பெய்த மறுநாள் அதிகமாகிறதா? ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைவாச்சே, அப்போதும் கறுத்ததா? கறுத்தது என்றேன். எழுதிக்கொண்டார். இந்த வீட்டில் பூசணம் வளராமல் இருந்த காலம் எது? நான் டிசம்பர் என்றேன், புகை போட்டதால் என்றேன். “அப்ப வீட்ல இருந்தீங்களா?” இல்லை. “அப்ப ஏர்கான்?” போடவில்லை. பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை.

முதலில் குழாய் மீட்டர். வீட்டில் எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு, வெளியே மீட்டரைப் படம் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார். முள் அசையவில்லை. ஆக, எங்கள் வீட்டுக் குழாயில் கசிவு இல்லை. இதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் செய்து பார்க்கலாம், நான் ஆறு மாதமாகச் செய்யவில்லை. அப்புறம்தான் ஈரமானியை எடுத்தார், இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி. ஹாலுக்கும் அறைக்கும் நடுவே இருக்கிற, நல்லபடியாக இருந்த சுவரில் முதலில் குத்தினார்: 11. இந்தக் கருவி மரத்துக்கு ஏற்றபடி செய்தது, சிமெண்டில் இது காட்டும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, காய்ந்த சுவரோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கணும் என்றார். உப்புப் பூத்த இடத்தில் ஈரமே இல்லாமல் கூட எண் ஏறுமாம், அதனால் வெள்ளை பூத்திருந்த இடத்தைச் சுரண்டிவிட்டு வேறு இடத்தில் குத்தினார். நடைபாதைச் சுவரில் மேலே, சீலிங் ஓரத்தில் 38. நெஞ்சு உயரத்தில் 26. தரைக்கு ஒரு சாண் மேலே 14. என்னிடமே கருவியைக் கொடுத்து, “நீங்க சொல்லுங்கக்கா, தண்ணி எங்கேருந்து வருது?” என்றார். மேலிருந்துதான். ஆன்ட்டியை நினைத்து எனக்குக் கொஞ்சம் வெற்றிக் களிப்பு வந்தது, மறைக்கவில்லை.

அது பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. படுக்கையறையில் மலையைப் பார்த்த வெளிச்சுவர். மேலே 25, நடுவே 24, கீழே 25. எங்கு குத்தினாலும் ஒன்றுபோல. திரைச்சீலைக் கம்பிக்கு மேலே வால்பேப்பர் ஒட்டாமல் விட்ட ஒரு முழப் பட்டையில் மட்டும் 15. சுவருக்குப் பக்கத்தில் மேல்மாடிக் குழாய் எதுவும் இல்லை. மழையில்லாத மாதத்திலும் கறுத்தது. வால்பேப்பரின் ஒரு ஓரத்தைக் கத்தியால் கீறி, அனுமதி கேட்டுவிட்டு, மெதுவாக உரித்தார். பலாப்பழத் தோல் பிரிகிற மாதிரி ஈரமான சத்தம். மூங்கில் இலைக்குப் பின்பக்கம் கறுப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து, பசை கூழாகி ஒழுகியது. முன்பக்கம் துடைத்தால் புதுசு. நான் வாரா வாரம் துடைத்திருக்கிறேன். அதற்கு எதிரே, ஒரு முழத்தில், என் பிள்ளையின் தலையணை.

அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. கடையில் தே ஓ ஐஸ், அதாவது பால் சேர்க்காத ஐஸ் தேநீர், வாங்கி வைத்தால் கிளாசுக்கு வெளியே வேர்க்கிறது, கிளாஸ் ஓட்டையா? நம் ஊர் வெளிக்காற்று 31 பாகை, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் அது தண்ணீராகும். நான் மகனுக்கு வேர்க்கக்கூடாதென்று இரவு முழுக்க 18-இல் ஏர்கான் போட்டேன். வெளியிலிருந்து செங்கல் சுவர் வழியே மெதுவாக உள்ளே வருகிற ஈரம், காற்றுப் புகாத வினைலில் முட்டி நிற்கிறது. வினைலோ உள்பக்கம் சில்லென்று இருக்கிறது. தண்ணீர் அங்கேயே தங்கிவிடுகிறது. குளிர் நாடுகளில் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிற ஈரம் நமக்கு வெளியிலிருந்து உள்ளே வருகிறது, அவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு நாம் இங்கே செய்தால் தலைகீழாகத்தான் போகும் என்றார். அறை பத்துக்குப் பத்து, நான் மாட்டியிருந்தது ஒன்றரைக் குதிரைசக்தி, பழைய மாதிரி. பெரிய ஏர்கான் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும், ஈரத்தை உறிஞ்ச நேரமே கிடைக்காது. விசிறி மட்டும் ஓடி, சுருளில் தங்கின ஈரத்தைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதும். கடைக்காரர் சின்ன ரூமுக்கும் பெரியது நல்லது என்று விற்றார், நானும் தலையாட்டினேன்.

என்னை ரொம்பச் சுட்டது ஜன்னல் விஷயம்தான். எல்லாரும் சொல்கிறார்களே என்று தினமும் காலை ஏழு மணிக்கு ஏர்கானை நிறுத்தியதும் ஜன்னலை அகலத் திறந்துவிடுவேன், நல்ல காற்று வரட்டும் என்று. நம் ஊரில் ஈரப்பதம் அதிகமாக இருப்பதே விடியற்காலையிலும் காலையிலும்தான். இரவெல்லாம் குளிர்ந்த சுவர்மேல் அந்தக் காற்றை நானே அழைத்து உட்கார வைத்திருக்கிறேன். திறக்க வேண்டுமென்றால் மதியம், வெயில் ஏறின பிறகு, சுவரெல்லாம் சூடான பிறகு திறக்கணும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, “எஸ்டேட் லயத்துல பலகைச் சுவரு, எல்லாப் பக்கமும் காத்து, ஏர்கானும் இல்ல, பூசணமும் இல்ல” என்றார். அப்போது கரையான் இருந்தது என்று நான் சொல்லவில்லை.

காற்று மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டாமா என்று நானே கேட்டேன், முந்தைய அனுபவம் அப்படி. “கண்ணுக்கு முன்னாடி இவ்ளோ இருக்குக்கா, அது என்ன பேருன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க? எந்தப் பூசணமா இருந்தாலும் ஈரத்தை நிறுத்தி, நனைஞ்சதை எடுத்துப் போடணும். அந்தக் காசை சீலிங்குக்கு வச்சுக்குங்க.” வாடை மட்டும் அடிக்கிறது, எங்கேயும் தெரியவில்லை என்றால் அல்லது வழக்கு மாதிரி ஏதாவது வந்தால் அப்போது யோசிக்கலாம் என்றார். நாலு நாளில் பதினெட்டுப் பக்க அறிக்கை வந்தது. எங்கெங்கே குத்தினார், என்ன எண் வந்தது என்று வீட்டு வரைபடத்தில் குறித்து, படங்களோடு. எதை அவரால் பார்க்க முடியவில்லை என்பதும் அதில் இருந்தது: மேல்மாடிக் குளியலறை. நல்ல அறிக்கைக்கு அதுவும் ஒரு அடையாளம் என்று நினைக்கிறேன்.

இனி மேல்மாடி. இதுவரை நான் நிர்வாக அலுவலகத்தில் வாயால் சொன்னேன், கவுன்டரில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒருமுறை ஒருவர் வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். பரிசோதனை செய்த தம்பிதான் எழுத்தில் கொடுக்கச் சொன்னார். அடுக்குமாடிகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, மாடிகளுக்கு இடையிலான கசிவைப் பற்றித் தனியாகப் பேசுகிறது. உங்கள் சீலிங்கில் ஈரம் தெரிந்தால், வேறு என்று நிரூபிக்கப்படும்வரை கோளாறு மேலே இருப்பதாகவே எடுத்துக்கொள்ளணும். அதன் 2015 ஒழுங்குவிதிகள்படி, எழுத்து மூலம் அறிவிப்பு கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்த 5 நாளுக்குள் படிவம் 28-இல் பரிசோதனைச் சான்றிதழ் தர வேண்டும், யார் பொறுப்போ அவர் அதற்கடுத்த 7 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நிர்வாகமே செய்துவிட்டுச் செலவை அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். நிர்வாகம் அசையாவிட்டால் கட்டட ஆணையரிடம் போகலாம், தீவில் அது பினாங்கு மாநகர் மன்றத்தின் கீழ் இருக்கிறது. அதற்கும் மேலே ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம், 250,000 வெள்ளி வரைக்கும் வழக்கு எடுக்கும். நான் அறிக்கையை இணைத்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரையில் இருக்கிற தேதிதான் நம் பிடி. இருந்தும் சட்டத்தில் இருக்கிற 7 நாள் எனக்கு 19 நாளானது. ஆணையருக்கு எழுதப்போகிறேன் என்று இரண்டாவது கடிதம் கொடுத்த மறுநாள் ஆள் வந்தார்.

ஆன்ட்டி வீட்டுக்கு நிர்வாகத்து ஆளோடு நானும் போனேன். பழச் சந்தையில் வாங்கின டிராகன் பழம் ஒரு பையில். கதவைத் திறந்தவுடன் முதலில் மன்னிப்புக் கேட்டேன், படுக்கையறைப் பூசணம் உங்களால் இல்லை, நான் போட்ட ஏர்கானால் என்று ஒத்துக்கொண்டேன். குளியலறை மட்டும் பார்க்கணும் என்றேன். அவர் என்னையே சற்று நேரம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வா என்றார். குளியலறையின் தரைவடிகாலை அடைத்து, இரண்டு விரற்கடை அளவு தண்ணீர் தேக்கி, அதில் கேசரிக்குப் போடுகிற சிவப்புச் சாயத்தைக் கலந்துவிட்டு வந்தோம், 24 மணி நேரம். ஆன்ட்டி அன்று பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) மகள் வீட்டில் குளித்தார். மறுநாள் காலை எங்கள் குளியலறை சீலிங் பலகையில் முன்பே வெட்டி வைத்த ஓட்டையில் டார்ச் அடித்தால், மேல்தளத்திலிருந்து இறங்குகிற வடிகால் குழாயைச் சுற்றி, கான்கிரீட்டில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம், அதிலிருந்து ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்கும் தளத்துக்கும் நடுவே இருந்த அடைப்பு விட்டுப்போயிருந்தது. அவருக்கு அது தெரிய வழியே இல்லை, அவர் வீட்டுத் தரை காய்ந்துதான் இருந்தது. பழுது பார்க்கும் செலவை அவர்தான் ஏற்றார். நான் அதில் பாதியைக் கொடுக்க முன்வந்தேன், வாங்கவில்லை. மே கடைசியில் வேலை முடிந்தது.

சுத்தம் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றடிக்கு மூன்றடி வரைக்கும் என்றால் நாமே செய்யலாம் என்கிறார்கள், என்னுடையது அதைத் தாண்டியது. ஆள் வைத்தேன், சீலிங் மாற்றுவதும் சேர்த்து 1,300 வெள்ளி. அறைக் கதவை பிளாஸ்டிக்கால் மூடி, விசிறியை நிறுத்தி, என்95 முகக்கவசம் போட்டு, உரிப்பதற்கு முன் ஈரத்துணியால் நனைத்து உரித்தார்கள். காய்ந்த பூசணத்தை விளக்குமாறால் பெருக்கினால் வீடு முழுக்கப் பரவும், நான் ஆரம்பத்தில் அதைத்தான் செய்திருந்தேன். 1,900 வெள்ளி அலமாரி மரத்தூள் பலகை, உள்வரை ஊறிவிட்டது, போட்டுவிட்டேன். புகை, பெயின்ட், அலமாரி மூன்றும் சேர்ந்து நாலாயிரத்து முப்பது வெள்ளி, அதில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. வேலையில் ஒன்பது நாள் லீவு. பட்டை ஜார்ஜ்டவுனில் ஒரு உலர்சலவைக் கடையில் கொடுத்தேன், வட்டங்கள் போய்விட்டன, சரிகை திரும்பவில்லை. இப்போது ஏர்கான் 25-இல், பெரும்பாலும் டிரை மோடில். இருபத்தைந்து வெள்ளிக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி அறையில் வைத்திருக்கிறோம், 65-ஐத் தாண்டினால் மகனே ஈரம் உறிஞ்சும் மெஷினைப் போட்டுவிடுகிறான். 60-க்குக் கீழே வைக்கச் சொன்னார்கள், மலையடிவாரத்தில் அது எனக்கு எல்லா நாளும் முடிவதில்லை. புதுக் கட்டிலும் அலமாரியும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கின்றன. மகனுக்கு ஜூலைக்குப் பிறகு நெபுலைசர் தேவைப்படவில்லை. டாக்டரிடம் இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். பூசணம் மட்டும்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஈரம் இருந்தால் தூசிப் பூச்சியும் பெருகும், இரண்டும் குறைந்திருக்கலாம் என்றார்.

கசிவை அடைத்தால் சுவர் மறுநாளே காய்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மாதக்கணக்கு ஆகிறது. காய்வதற்குள் பெயின்ட் அடித்தால் பழையபடி அப்பளம்தான், அதனால் தம்பியிடம் ஈரமானியை இரவல் வாங்கி மாதம் ஒருமுறை குத்திப் பார்க்கிறேன். நடைபாதைச் சுவர் ஜூனில் 31, ஆகஸ்டில் 22, தீபாவளிக்கு முந்தின வாரம் 16. காய்ந்த சுவரின் 11-க்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் வாசலிலிருந்து பார்த்தவுடன் தெரிகிற மாதிரி, பெயின்ட் சுரண்டின வெறும் சிமெண்டுச் சுவர். மேல்மாடி ஆன்ட்டி முறுக்கைக் கடித்துக்கொண்டே போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை, முருகன் படம் போட்ட பெரிய காலண்டரை எடுத்து வந்து, “இதையாச்சும் மாட்டி மறைடி” என்றார். வாங்கி ஹாலில், நல்ல சுவரில் மாட்டினேன்.